இடத்துக்கும் விலை உண்டு

மதுரையில் கணினித் தொழிலில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறவர்களிடமும், அவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர்களிடமும், அவர்களைப் பெற்று வளர்த்த தாய் தந்தையரிடமும் ஒரே அபிப்பிராயம் வேரூன்றிக் கிடக்கிறது. காசு கொடுக்கிறவன் கூப்பிட்ட இடத்துக்குப் போய் உட்கார வேண்டியதுதான். வீட்டிலிருந்து வேலை செய்யச் சம்மதித்தது கொரோனாக் காலத்தில் அவன் காட்டிய இரக்கம். இரக்கம் காட்டியவன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் ஏன் என்று கேட்க நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்பதே அது. இனி மாதத்தில் பாதி நாள் சென்னைக்கு வர வேண்டும் என்று கிளையன்டிடமிருந்து ஒரு மெயில் வந்தால், பேசாமல் சரி என்று பதில் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரவு மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ் ஏறுவதுதான் விவேகம் என்று வீட்டுப் பெரியவர்கள் புத்தி சொல்கிறார்கள். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே இத்தனை நாள் சம்பளம் வாங்கினாயே, கரும்பு தின்னக் கூலியா என்று கேட்கிறவர்களும் உண்டு. எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆயினும் இந்த அபிப்பிராயம் அடியோடு தவறானது என்பதும், அது தவறு என்பதை அறிவதற்கு வேண்டிய அனுபவம் வேறெந்த ஊரைக் காட்டிலும் மதுரைக்கே அதிகம் உண்டு என்பதும் என் துணிபு.

யாரைக் குறித்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது. ஒரு நிறுவனத்தின் நிரந்தர ஊழியரை நான் இங்கே கருதவில்லை. மாதக் கடைசியில் தம் சொந்தப் பெயரில் பில் அனுப்பி, அதில் பெரும்பாலும் பத்து விழுக்காடு வருமான வரியாகப் பிடிக்கப்பட்டு மீதியைப் பெற்றுக்கொள்கிற ஒப்பந்தக்காரரையே கருதுகிறேன். அவருக்கு வருங்கால வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, சம்பளத்தோடு கூடிய விடுப்பு இல்லை, காய்ச்சலில் படுத்த நாளுக்குக் காசு இல்லை. மடிக்கணினி அநேகமாக அவருடையது. இணைய இணைப்பின் மாத வாடகை அவர் தலையில். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் வேலை நிற்காமல் காக்கிற இன்வெர்ட்டரும் அவர் வாங்கி வைத்ததே. காரியாலயம் ஒன்றை நடத்துவதற்குரிய செலவுகளில் ஒரு பகுதியைத் திருப்பாலையிலோ வில்லாபுரத்திலோ தம் வீட்டின் ஓர் அறைக்குள் அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அத்தகையவர் வீட்டிலிருந்து வேலை செய்வதைக் கிளையன்ட் அவருக்கு அளித்த சலுகை என்று சொல்வது எவ்விதத்தில் பொருந்தும் என்பது எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் செய்வது வேலையாகுமா என்ற ஐயம் மதுரைக்கு எப்படி வந்தது என்பதே ஆச்சரியமான விஷயம். நாயக்கர் காலந்தொட்டு இந்நகரில் குடியேறி, திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் வாழ்ந்த சௌராஷ்டிர நெசவாளர்கள், வீட்டையே தறிக்கூடமாகக் கொண்டு தொழில் நடத்தியவர்கள். வியாபாரி நூலைக் கொடுப்பார். நெசவாளர் துணியைக் கொடுப்பார். எடை, அகலம், கரை, சாயம் ஆகியவற்றைப் பார்த்துக் கூலி தீர்க்கப்படும். சுங்குடிப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். துணியை மடித்துப் புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நக நுனியால் கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, அவ்வாறு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் விழுந்த பின் அதைச் சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, இழுத்துப் பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக மலரும். அந்த முடிச்சுகளை இட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். அடுப்பு வேலை முடிந்த பகற்பொழுதில் திண்ணையிலும் கூடத்திலும் இருந்து இட்டவர்கள். 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்று மதுரையின் பெயரோடு உலகுக்கு அறிமுகமான கைத்திறன் இது. முடிச்சு இறுகியிருக்கிறதா, புள்ளி வரிசை தப்பாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினார்களே ஒழிய, முடிச்சுப் போடுகிறவள் கடையில் வந்து உட்கார்ந்துதான் போட வேண்டும் என்று மாசி வீதிகளின் வியாபாரிகள் விதி செய்யவில்லை. அக்காலத்துக் கூலியை நான் புகழவில்லை. நெசவாளரைக் கடனில் ஆழ்த்திய கணக்குகளும் அந்த வியாபாரத்தில் இருந்தன. வேலை நடந்ததா என்பதை வேலையைப் பார்த்தே அறியலாம் என்ற எளிய உண்மையை அந்தச் சந்தை அறிந்திருந்தது என்பதையே சொல்கிறேன்.

பின் உழைப்பாளியை வீட்டை விட்டு ஒரு கூரையின் கீழ் அழைத்தது எது? 1892-இல் ஹார்வி சகோதரர்கள் இந்நகரின் ரயில் நிலையத்துக்கு அருகே மதுரா மில்லை நிறுவியபோது, அதற்கு ஓர் உறுதியான காரணம் இருந்தது. ஒரு நீராவி எந்திரம், அதனால் சுழலும் ஒரு நீண்ட இரும்புத் தண்டு, அந்தத் தண்டிலிருந்து வார்ப்பட்டைகள் வழியே விசை பெறும் எண்ணற்ற கதிர்கள் என்ற அமைப்பில், நூற்கிறவர் அந்தக் கதிருக்கு முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும். விசையை வீட்டுக்கு வீடு எடுத்துச் செல்ல வழியில்லை. ஆகையால் சங்கு ஊதியது. ஊர் எழுந்து நடந்தது. பிற்காலக் காரியாலயங்களும் அவ்வாறே: கோப்பு ஒரே பிரதியாக ஒரே அலமாரியில் இருந்தவரையில் அந்த அலமாரி இருந்த கட்டிடத்துக்கு எழுத்தர் வரத்தான் வேண்டும்.

இன்றைய நிரல் எழுத்தாளரின் நிலை என்ன? அவர் தொடும் கணினிச் சேவையகம் சென்னைக் கட்டிடத்திலும் இல்லை, மதுரை வீட்டிலும் இல்லை. மும்பையிலோ அமெரிக்காவின் வர்ஜீனியாவிலோ உள்ள தரவு மையமொன்றில் இருக்கிறது. எட்டு மணி நேரம் பஸ்ஸில் பிரயாணம் செய்து பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு கட்டிடத்தின் ஏழாம் மாடிக்குப் போய், அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே நுழைந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லண்டனிலும் டல்லஸிலும் புனேயிலும் இருக்கும் சகாக்களோடு திரையில் பேசுகிறார். வீட்டில் பேசிய அதே திரை, அதே சகாக்கள். ஆலைக்கு இருந்த காரணம் இங்கே இல்லாமற் போன பின்பும் ஆலையின் ஒழுங்கு மட்டும் எஞ்சி நிற்கிறது.

எதிர்த்தரப்பில் சொல்லத் தகுந்தது ஒன்றுமே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. அவர்களுடைய மிக வலுவான சான்று, கிப்ஸ், மெங்கல், சீம்ராத் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆசியாவின் பெரிய ஐ.டி. நிறுவனம் ஒன்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதிவுகளைக் கொண்டு செய்து 2023-இல் வெளியான ஆராய்ச்சி. பெருந்தொற்றின் முதல் மாதங்களில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அவ்வூழியர்கள் முன்னிலும் அதிக நேரம் உழைத்தார்கள். ஆயினும் விளைந்த பயன் கூடவில்லை, சற்றுக் குறையவே செய்தது. மணிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் உற்பத்தித் திறன் 8 முதல் 19 விழுக்காடு வரை வீழ்ந்தது என்று அது காட்டிற்று. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அதே ஆராய்ச்சி காரணத்தையும் காட்டுகிறது: கூட்டங்கள் பெருகின, இடையூறின்றித் தொடர்ந்து வேலை செய்யும் நேரம் சுருங்கியது, பள்ளிகள் மூடிக் கிடந்த அந்நாட்களில் குழந்தை உள்ள வீடுகளில் சிரமம் மிகுந்தது. ஆகவே அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது வீடு அன்று. வீட்டுக்குள்ளும் துரத்தி வந்த கூட்டங்களே. இதற்கு மாறாக, ஸ்டான்போர்டின் நிக்கலஸ் புளூம் முதலானோர் சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரைக் கொண்டு நடத்தி, 2024-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட பரிசோதனையில், வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறனில் குறைவு எதுவும் காணப்படவில்லை. வேலையை விட்டு விலகுவோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இவ்விரண்டு ஆராய்ச்சிகளையும் விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. இரண்டிலும் ஆராயப்பட்டவர்கள் மாதச் சம்பள ஊழியர்கள். இன்ன வேலைக்கு இவ்வளவு தொகை என்று பேசி எடுத்த ஒப்பந்தக்காரர், நான்கு மணியில் முடிய வேண்டியதை ஆறு மணியில் முடித்தாரானால், அந்த இரண்டு மணி நேர நஷ்டம் அவருடையதே. கிளையன்டுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. தமக்கு நஷ்டமில்லாத ஒன்றைத் தடுப்பதற்காக மற்றவரின் ஊரையும் உறக்கத்தையும் கேட்பதற்கு உற்பத்தித் திறன் ஒரு காரணமாகாது. மணிக்கணக்கில் பில் போடுகிறவர் விஷயத்தில் கிளையன்டுக்குச் சந்தேகம் எழலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைத் தீர்க்கக் கேட்க வேண்டியது முடிந்த வேலையின் கணக்கே.

இளைஞர்கள் பெரியவர்களின் அருகில் இருந்து கற்க வேண்டும் என்ற வாதம் கல்லூரியிலிருந்து நேரே வந்து சேர்ந்த ஊழியருக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் ஒப்பந்தக்காரரை எவரும் கற்பித்து வளர்ப்பதற்காக அமர்த்துவதில்லை. கற்றுத் தேர்ந்தவர் என்பதால்தான் அமர்த்துகிறார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வாடிக்கையாளர் கேட்டால் எதையும் மாற்றலாம் என்று நம்புகிறவர்கள் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும். ஏற்பட்ட ஒப்பந்தத்தை மாற்றுவதற்கு அது இரு தரப்பாரின் இசைவையே ஆதாரமாகக் கொள்கிறது. ஒருவர் அனுப்பும் மெயில் அறிவிப்பு ஆகலாம். ஒப்பந்தத் திருத்தம் ஆகாது. இதை விட ஆழமான விஷயம் ஒன்று உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளில் இருக்கிறது. தாரங்கதாரா ரசாயன ஆலைக்கு உப்பு விளைவித்துக் கொடுத்த அகரியா மக்கள், மணங்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெற்றவர்கள். தங்களுக்கு உதவியாக ஆள் வைத்துக்கொள்ளும் உரிமை உடையவர்கள். வேலை நேரம் விதிக்கப்படாதவர்கள். அவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள் என்று ஆலை வாதிட்டது. என்ன வேலை என்பதை மட்டுமன்றி அதை எவ்வாறு செய்ய வேண்டும் என்பதையும் ஒருவன் ஒவ்வொரு கட்டத்திலும் மேற்பார்வை செய்தானானால் அவனே எஜமானன், செய்கிறவர் தொழிலாளி என்று நீதிமன்றம் 1956-இல் தீர்த்தது. சில்வர் ஜூபிலி தையலகத்தின் வழக்கில், கடைக்கு வந்து கடையின் தையல் எந்திரங்களில் உருப்படிக் கூலிக்குத் தைத்தவர்கள் கடையின் ஊழியர்களே என்று 1973-இல் முடிவாயிற்று. எந்திரம் கடையுடையது என்பதும், பிடிக்காத தையலைப் பிரித்து மறுபடி தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்கு இருந்தது என்பதும் அங்கே முக்கியமாகக் கருதப்பட்டன.

இவற்றிலிருந்து தெளிவாவது என்ன? உட்காரும் இடத்தையும், வரும் நேரத்தையும், செய்யும் விதத்தையும் தானே விதிக்கப் புறப்படும் கிளையன்ட், எஜமானனுக்குரிய அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறான். அந்த அதிகாரத்தோடு வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்பு முதலிய கடமைகளும் வருகின்றன. அதிகாரம் மட்டும் வேண்டும், கடமை வேண்டாம் என்ற நிலையை எந்த நீதியும் அங்கீகரிக்காது. பிரிட்டனில் ஐ.ஆர்.35 என்று வழங்கும் வரி விதிகளின் கீழும், வேலை செய்யும் விதத்தையும் நேரத்தையும் இடத்தையும் கட்டுப்படுத்துவது யார் என்பது ஒரு முக்கியமான கேள்வி. தம் ஊரில் அந்தக் கேள்விக்கு அஞ்சி நடக்கும் நிறுவனங்கள் மதுரைக்காரரிடம் மட்டும் அஞ்சாமல் நடந்துகொள்வதற்குக் காரணம், இங்கே எவரும் அதைக் கேட்பதில்லை என்பதே.

எதிர்பார்ப்பு எவ்வளவு விரைவில் மாறுகிறது என்பதற்கு நாடறிந்த உதாரணம் டி.சி.எஸ். 2025-க்குள் தன் ஊழியரில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் காரியாலயம் வர வேண்டிய அவசியம் இராது என்று 2020-இல் அறிவித்த அந்நிறுவனம், 2023 அக்டோபரில் வாரத்தின் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2024-இல் ஊக்க ஊதியத்தை வருகைப் பதிவோடு பிணைத்தது. அரசாங்கத்தின் விதியும் அவ்வாறே அசைந்தது. இலந்தைகுளம், வடபழஞ்சி எல்காட் பூங்காக்களைப் போன்ற சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்காக 2022 ஜூலையில் பிறந்த 43ஏ விதி, ஒப்பந்த ஊழியரையும் சேர்த்துப் பாதிப் பேர் வரை வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அது எல்லோருக்கும் என்று விரிந்தது. முதலில் 2023 டிசம்பர் வரை, பிறகு 2024 டிசம்பர் வரை என்று தவணை நீண்டது. தம் சொந்த ஊழியருக்குக் கொள்கையை மாற்றிக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் கிளையன்டின் கொள்கை மாறும்போதெல்லாம் ஒப்பந்தக்காரரின் வாழ்க்கையும் தானே மாறிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது வேறு விஷயம். முழுக்க வீட்டிலிருந்தே என்ற சொல்லை நம்பி ஒத்தக்கடையில் வீட்டுக் கடன் எடுத்தவர் இருக்கிறார். வயதான தாயைப் பார்த்துக்கொள்ளச் சோழவந்தானுக்குத் திரும்பியவர் இருக்கிறார்.

இடம்தானே மாறுகிறது, தொகை அப்படியேதானே இருக்கிறது என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 80,000 ரூபாய், 160 மணி நேரம் என்று ஓர் ஒப்பந்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 500 ரூபாய். மாதத்தில் பாதி நாள் சென்னை. அங்கே பகிர்ந்த அறைக்கு 8,000, சாப்பாட்டுக்கு 5,000, இரண்டு முறை போய்வர நான்கு பிரயாணத்துக்கு 4,000 என்று சிக்கனமாகவே போட்டாலும் 17,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. ஒரு பிரயாணத்துக்கு எட்டு மணி வீதம் 32 மணி நேரம் சாலையில் கழிகிறது. அவருடைய சொந்த விகிதத்திலேயே அதன் மதிப்பு 16,000. ஆக 33,000. ரொக்கத்தை மட்டும் கணக்கில் கொண்டாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. நேரத்தையும் சேர்த்தால் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். ஒரே வரியில், தொகையைக் குறிப்பிடாமலே, தொகையைக் குறைக்கும் மெயில் அது. கிளையன்ட் நேருக்கு நேராக உன் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கிறேன் என்று எழுதியிருந்தால், புத்தி சொல்லும் அதே பெரியவர்கள் கொதித்து எழுந்திருப்பார்கள். வாரத்துக்கு மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே என்ற கலப்பு ஏற்பாட்டையும் நடுநிலையான தீர்வு என்று போற்றுகிறார்கள். சென்னையில் வீடு உள்ளவருக்கு அது தீர்வு. மதுரைக்காரருக்கோ ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இரண்டு ஊரிலும் வாடகை.

ஜோஹோ நிறுவனம் கூடக் காரியாலயத்தைத்தானே விரும்புகிறது என்று சிலர் கேட்கிறார்கள். அந்நிறுவனம் 2011-இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறைக்குக் காரியாலயத்தையே கொண்டு சென்றது. ஆள் இருக்கும் இடத்துக்குக் கட்டிடத்தைக் கொண்டு வருகிறவரோடு எனக்கு வழக்கு இல்லை.

நேரில் வந்தே செய்வேன் என்று கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிற ஒப்பந்தக்காரரையும் நான் ஆதரிக்கவில்லை. வங்கித் தரவு, மருத்துவத் தரவு போன்றவற்றைப் பாதுகாப்பான அறைக்குள் மட்டுமே கையாள வேண்டும் என்ற நிபந்தனை நியாயமானது. அதைத் தொடக்கத்திலேயே எழுதி, அதற்குரிய கட்டணத்தையும் எழுதிவிட்டால் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. நான் பார்த்த ஒப்பந்தங்கள் பலவற்றில் ரகசியக் காப்பைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது; வேலை செய்யும் இடத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஏஜென்சிக்காரர் நின்று, கிளையன்டிடம் ஆள் வருவார் என்றும், ஆளிடம் வரவே வேண்டாம் என்றும் சொல்லி இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார்.

ஆகவே அந்த மெயில் வரும்போது அனுப்ப வேண்டிய பதில், சரி என்பதும் அன்று, முடியாது என்பதும் அன்று. "தற்போதைய கட்டணம் மதுரையிலிருந்து செய்யும் வேலைக்கு உரியது. சென்னையில் இருந்து செய்ய வேண்டிய நாட்களுக்குத் தனிக் கட்டணம், பிரயாணச் செலவு, தங்குமிடச் செலவு ஆகியவற்றை இணைப்பில் குறித்திருக்கிறேன். இரு தரப்பும் கையெழுத்திட்ட நாளிலிருந்து முப்பது நாள் கழித்து மாற்றம் நடைமுறைக்கு வரலாம். அதுவரை இப்போதைய ஏற்பாடே தொடரும்" என்று மரியாதையாக, மனக்குறை தொனிக்காமல், நான்கு வாக்கியத்தில் எழுதலாம். விலை தெரிந்த பிறகும் தேவை நீடிக்கிறதென்றால் அது மெய்யான தேவை. அதற்குப் போய் உழைப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. விலையைக் கண்டதும் தேவை மறைந்துவிடுகிறதென்றால், அது தேவையாக இருந்ததே இல்லை.

இப்படி எழுதினால் வேலை போய்விடும், சந்தை மந்தமாக இருக்கிறது, ஒரு இடத்துக்கு நூறு பேர் நிற்கிறார்கள் என்பதுதான் கடைசியாக வரும் மறுப்பு. இந்த அபிப்பிராயத்தின் உண்மையான அஸ்திவாரமும் இந்த அச்சமே. அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. தனியொருவராக நிற்கும் ஒப்பந்தக்காரர் வேலையை இழக்கவும் கூடும். ஆனால் பேரம் பேசும் வலிமையற்றவர்களால் ஒன்றும் ஆகாது என்பது தமிழ்நாட்டின் அனுபவம் அன்று. திருநெல்வேலிச் சீமையில், முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் பீடி சுற்றிய பெண்களை விட வலிமை குறைந்தவர்களாக நம் கணினி ஒப்பந்தக்காரர்களைக் கருத முடியாது. வீட்டில் சுற்றுகிறவர்கள் தங்கள் தொழிலாளர்களே அல்லர் என்பது பீடி முதலாளிகளின் வாதமாக இருந்தது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுகிறவரையும் தன் பாதுகாப்புக்குள் சேர்த்தது. அதை எதிர்த்து முதலாளிகள் தொடுத்த வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிப்படுத்தியது. வைப்பு நிதி அவர்களுக்கு இல்லை என்று மறுபடி வழக்காடினார்கள். தரம் போதாத பீடியைத் தள்ளிவிடும் உரிமையே போதிய மேற்பார்வைதான் என்று கூறி, வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் வைப்பு நிதி உண்டு என்று 1985-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பெறுவதற்காக அவர்கள் தங்கள் வீட்டு வாசலை விட்டு எழுந்து எந்தக் கம்பெனிக்கும் போய் உட்கார வேண்டியிருக்கவில்லை.